நசீமாவும் சின்ன ஃபைலும்

உத்தமபாளையத்து நசீமாவுக்கு, தான் எழுதிய புரோகிராமைப் பற்றிப் பேசும்போது 'அநேகமாக' என்ற சொல்லைச் சேர்க்கும் பழக்கம் கிடையாது. ஓடும் என்றால் ஓடும், ஓடாது என்றால் ஓடாது. தேனியில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் சிலர் இதைத் திமிர் என்றார்கள். அவளை வேலைக்கு எடுத்த முதலாளி ஞானசிகாமணி மட்டும், "அந்தப் புள்ள சொன்னாச் சொன்னதுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அவளுடைய அத்தா ராஜா முகம்மது முல்லையாற்றங்கரையில் வாழை போட்டிருந்தார். மகள் எம்.சி.ஏ. முடித்த 2001-ஆம் வருடம், கூடப் படித்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறினார்கள். நசீமாவுக்கும் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. அவள் போகவில்லை. வீட்டில் தடுத்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மை அதுவல்ல.

"அங்கன போனா ஆயிரம் பேரு எழுதுற புரோகிராம்ல எனக்கு ஒரு மூலை கெடைக்கும் அத்தா. இங்கன தேனியில முழுசும் நானே எழுதலாம்" என்றாள் அவள்.

"முழுசும் நீயே எழுதுனா, தப்பு வந்தாலும் முழுசும் ஒன் தலையிலதான விடியும்?" என்று அத்தா கேட்டார்.

"விடியட்டும்" என்றாள்.

கம்பெனி தேனி பெரியகுளம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. ஐந்து கம்ப்யூட்டர். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு ரிப்போர்ட் அடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை அவர்கள் செய்தார்கள். அதுவரை லேப்களில் நடந்தது இதுதான்: செல் கவுண்டர் மிஷினில் ரத்தத்தை வைத்தால் அதன் சின்னத் திரையில் எண்கள் வரும். ஹீமோகுளோபின் இத்தனை, வெள்ளை அணு இத்தனை, தட்டணு இத்தனை. அதை ஒருவர் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதுவார், இன்னொருவர் டைப் அடிப்பார். நாளுக்கு ஒரு ரிப்போர்ட்டிலாவது புள்ளி இடம் மாறிவிடும். நசீமாவின் புரோகிராம் மிஷினிலிருந்தே எண்களை வாங்கிப் பேப்பரில் அடித்தது. இடையில் கை படவே இல்லை. ஐந்து வருடத்தில் ஆண்டிபட்டியிலிருந்து குமுளி வரைக்கும் இருபத்து மூன்று லேப்கள் அதை வாங்கியிருந்தன.

அவள் அதை ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தாள். ஜாவாவின் வசதி, ஒருமுறை எழுதிவிட்டால் விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் அதே புரோகிராம் ஓடும். ஆனால் ஒரு வேலையை மட்டும் அதனால் தனியாகச் செய்ய முடியாது. மிஷினிலிருந்து ஒரு கேபிள் வந்து கம்ப்யூட்டரின் முதுகில் சொருகியிருக்குமே, அந்த வழியாக வருவதைக் கேட்டு வாங்க அந்தந்தக் கம்ப்யூட்டரின் சொந்த பாஷையில் எழுதிய குட்டி ஃபைல் ஒன்று கூடவே இருக்க வேண்டும். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு ஒன்று. மாற்றிப் போட்டால் கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. புத்தகங்களில் அதற்கு நேட்டிவ் லைப்ரரி என்று பெயர். ஆபீசில் எல்லோருக்கும் அது 'சின்ன ஃபைல்'.

அந்தச் சின்ன ஃபைல் சும்மா எங்கேயாவது கிடந்தால் போதாது. கம்ப்யூட்டர் தேடுகிற ஃபோல்டரில் கிடக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு புது லேபுக்கும் நசீமா கைப்பையில் சி.டி.யோடு பஸ்ஸில் போவாள். புரோகிராமை ஒரு ஃபோல்டரில் போடுவாள், சின்ன ஃபைலை மட்டும் விண்டோஸின் சொந்த ஃபோல்டருக்குள் கையால் காப்பி பண்ணி வைப்பாள். அந்த வேலைக்கு ஐந்து நிமிஷம், பஸ்ஸுக்கு அரை நாள். அவள் அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை. அவள் கையால் வைத்த எதுவும் அதுவரை பிசகியதில்லை.

2006-ஆம் வருடம் ஆனி மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆண்டிபட்டியிலிருந்து சண்முகத்தாய் போன் பண்ணினாள். சண்முகத்தாய் அங்கே சொந்தமாக லேப் வைத்திருந்தவள். நாற்பது வயது, ஊசி குத்துவதில் கெட்டிக்காரி, யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். அன்றைக்கு அவள் குரலே சரியில்லை.

"நசீமா, நீ உடனே கெளம்பி வா தாயி."

"என்னக்கா, பிரிண்டர் மக்கர் பண்ணுதா?"

"பிரிண்டரெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. நாலு வயசுப் பயலுக்கும் எழுவது வயசுக் கெழவருக்கும் ஒரே ரிப்போர்ட் வந்திருக்கு. தட்டணுல கடைசி நம்பர் வரைக்கும் ஒண்ணுபோல இருக்கு. எந்த ஊர்லயாச்சும் அப்படி நடக்குமா?"

நசீமா, தட்டணு எவ்வளவு என்று கேட்டாள். சண்முகத்தாய் எண்ணைச் சொன்னாள். அந்த எண்ணை நசீமாவுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளே உட்கார்ந்து கற்பனையாக எழுதிய எண் அது.

பஸ்ஸில் ஆண்டிபட்டி போய்ச் சேரும் முன்பே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 2003-ல் மதுரையில் ஒரு கண்காட்சி நடந்தது. செல் கவுண்டரை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது. "மிஷின் இல்லாமலே ஓடுற மாதிரி காட்டணும்மா" என்று ஞானசிகாமணி கேட்டார். நசீமா ஒரே சாயங்காலத்தில் அதைச் செய்து கொடுத்தாள். சின்ன ஃபைல் கிடைக்கவில்லையென்றால் புரோகிராம் நின்றுவிடாமல் டெமோவுக்குப் போகும். டெமோவில் ஐந்து பேருடைய பொய்யான முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். திரையின் அடியில் 'டெமோ' என்று சின்ன எழுத்தில் வரும், அவ்வளவுதான். கண்காட்சி முடிந்தது. டெமோவுக்காக எழுதிய வரிகளை அவள் எடுக்கவில்லை. அடுத்த தடவை உதவும் என்று விட்டுவிட்டாள்.

ஆண்டிபட்டி லேபில் நடந்திருந்தது சின்ன விஷயம். சண்முகத்தாய் ஜெயமங்கலத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்வீஸ்காரர் வந்து கம்ப்யூட்டரை பார்மட் பண்ணி விண்டோஸைப் புதிதாகப் போட்டார். புரோகிராம் ஃபோல்டரை மறக்காமல் திரும்ப வைத்தார். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைல் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? திங்களும் செவ்வாயும் லேபைப் பார்த்துக்கொண்ட பெண் வழக்கம்போல ரத்தத்தை மிஷினில் வைத்தாள், வழக்கம்போல கம்ப்யூட்டர் ரிப்போர்ட் அடித்துக் கொடுத்தது. முப்பத்தெட்டு ரிப்போர்ட்.

லேபுக்குள் நுழைந்ததும் நசீமா ஞானசிகாமணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"வைரஸ் வந்துருச்சுன்னு சொல்லிருவோம்மா. எல்லாரும் நம்புவாக. எல்லா எடத்துலயும் வர்றதுதான?"

"வைரஸ் இல்ல சார். நீங்க கேட்டீக, நான் எழுதுனேன்."

"அதுக்கில்லம்மா, கம்பெனி பேரு..."

"சார், மொதல்ல விஜிய விட்டு மத்த இருவத்திரெண்டு லேபுக்கும் போன் போடச் சொல்லுங்க. மிஷின் திரையில இருக்க நம்பரும் ரிப்போர்ட்ல இருக்க நம்பரும் ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாக்கச் சொல்லுங்க. ஒண்ணா இல்லாட்டி ரிப்போர்ட் குடுக்கக் கூடாது. பேரப் பத்தி அப்புறம் பேசுவோம்."

ஞானசிகாமணி கெட்டவர் அல்ல, பயந்தவர். "சரிம்மா" என்று போனை வைத்தார். ஆபீசில் வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த விஜி, மத்தியானத்துக்குள் எல்லா லேபுக்கும் பேசி முடித்தாள். வேறு எங்கேயும் பிசகு இல்லை.

நல்லவேளையாகச் செல் கவுண்டர் தன் நினைவில் கடைசி நூறு பேருடைய உண்மையான முடிவுகளை வைத்திருந்தது. சண்முகத்தாய் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள், நசீமா பேனாவால் எழுதினாள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பதினோரு பேருக்குக் கண்டிப்பாகத் தகவல் சொல்ல வேண்டும். அதில் பத்துப் பேர் பக்கத்திலேயே இருந்தார்கள், அல்லது போன் இருந்தது. பதினோராவது பெயர் வந்ததும் சண்முகத்தாய் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ராக்கம்மாள். இருவத்து நாலு வயசு. எட்டு மாசம். மிஷின்ல ஹீமோகுளோபின் ஆறு புள்ளி ஒண்ணு."

"நாம என்ன குடுத்திருக்கோம்?"

"பன்னெண்டு புள்ளி நாலு."

ஆறில் இருக்கும் கர்ப்பிணிக்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் ஆபத்து என்பது நசீமாவுக்கே தெரியும். நோட்டில் கணவன் பெயர் சின்னச்சாமி, ஊர் மயிலாடும்பாறை என்று மட்டும் இருந்தது. போன் நம்பர் இல்லை.

"நான் போறேன்" என்றாள் நசீமா.

"நீ மட்டும் போயி என்ன செய்வ? அவுக எதுக்கு ஒன்ன நம்பணும்? இரு, நானும் வாரேன்" என்று சண்முகத்தாய் செருப்பை மாட்டினாள்.

வருசநாடு பஸ் கிடைத்தது. கடமலைக்குண்டு தாண்டியது. ஜன்னல் கதவுகளை ஆனிக்காற்று உலுக்கிக்கொண்டே வந்தது. நசீமா சண்முகத்தாய் பக்கம் திரும்பி, "என்னயத் திட்டணும்னா இப்பவே திட்டிருங்கக்கா" என்றாள்.

"திட்டுனா அந்தப் பிள்ளைக்கு ரத்தம் ஏறுமா? சும்மா வா."

மயிலாடும்பாறையில் இறங்கி டீக்கடையில் விசாரித்ததில், சின்னச்சாமியின் வீடு ஊருக்கு மேற்கே மலை ஓரமாக இரண்டு கிலோமீட்டர் என்று தெரிந்தது. நடந்தே போனார்கள். ராக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து இலவங்காயை உடைத்துப் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேலெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. சண்முகத்தாய் குசலம் விசாரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"ரத்தம் பன்னெண்டு இருக்கு, நல்லா இருக்குன்னு நர்சம்மா நேத்துத்தான சொன்னாக" என்றாள் ராக்கம்மாள்.

"மூச்சு வாங்குதா தாயி?"

"மாடு மாதிரி வாங்குது. எட்டு மாசமாச்சே, அப்படித்தேன் இருக்கும்னாக."

உள்ளேயிருந்து சின்னச்சாமி வந்தான். நெட்டையான ஆள். நசீமா எழுந்து நின்று, வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். ரிப்போர்ட்டில் இருப்பது தப்பு. ரத்தம் ஆறுதான் இருக்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"அப்ப மிஷின் பொய் சொல்லிருச்சா?" என்று கேட்டான் அவன்.

"மிஷின் சரியாத்தாண்ணே சொல்லுச்சு. மிஷினுக்கும் பேப்பருக்கும் நடுவுல ஒரு புரோகிராம் இருக்கு. அத எழுதுனது நான். அதுதேன் பொய் சொல்லிருச்சு. தப்பு என்னோடது."

சின்னச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்தான். "எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதத்தேன் நம்புறோம். இவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் யார்ட்டப் போயிக் கேப்பேன்?"

"என்கிட்டத்தான்ணே கேட்டிருக்கணும். இன்னமும் கேளுங்க, பதில் சொல்றேன். ஆனா வழியில கேளுங்க. மொதல்ல கெளம்புங்க."

அவன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிய மினி லாரி ஒன்றில் ராக்கம்மாளை முன்னால் உட்கார வைத்து, மற்ற மூன்று பேரும் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் சின்னச்சாமி கேட்டான், நசீமா பதில் சொன்னாள். அந்தச் சின்ன ஃபைல் என்றால் என்ன, அது இல்லாவிட்டால் புரோகிராம் ஏன் சும்மா இருக்காமல் எதையோ சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டான். "சும்மா இருந்திருக்கணும்ணே. தெரியலன்னு சொல்லியிருக்கணும்" என்றாள்.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள். மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். இருபத்து மூன்று நாள் கழித்து ராக்கம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ராக்கம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில் நசீமா ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக டெமோவுக்கான வரிகள் அத்தனையையும் அழித்தாள். இருநூற்றுப் பத்து வரி. ஞானசிகாமணி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"அடுத்த கண்காட்சிக்கு என்னம்மா செய்யிறது?"

"அதுக்குத் தனியா ஒண்ணு எழுதித் தாரேன் சார். வேற பேரு, வேற கலரு, பிரிண்ட் எடுக்கவே முடியாது. லேப்ல ஓடுறதுக்குள்ள பொய் இருக்கக் கூடாது."

அழித்தது பாதி வேலை. சின்ன ஃபைல் தொலைந்துபோகிற இடத்தில் இருந்ததுதான் மூலக் காரணம். ஜாவா புரோகிராமை ஒரே பொட்டலமாக, ஒற்றை ஃபைலாகக் கட்டலாம். அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே சின்ன ஃபைலையும் வைத்துவிட்டால் பிரிக்கவே முடியாதே என்று அவளுக்குத் தோன்றியது. விண்டோஸுக்கானது, லினக்ஸுக்கானது எல்லாமே உள்ளே இருக்கும். புரோகிராம் திறந்ததும் தான் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளும், அதற்கு உரியதை மட்டும் வெளியே எடுத்துத் தன் சொந்த ஃபோல்டரில் வைக்கும், வைத்தது முழுசாக இருக்கிறதா என்று சரிபார்க்கும், பிறகு இன்ன இடத்தில் இருக்கும் இன்ன ஃபைல் என்று முழு முகவரியோடு கூப்பிடும். தேடுவது என்ற பேச்சே இருக்காது.

சொல்வதற்கு நாலு வரி. செய்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. முதலில் தற்காலிக ஃபோல்டரில் எடுத்து வைத்தாள். சோதனைக்குக் கொடுத்த ஒரு லேபின் ஆன்டிவைரஸ், திடீரென்று முளைத்த அந்த ஃபைலைத் திருடன் என்று நினைத்து அழித்தது. கம்பத்தில் ஒருவர் லினக்ஸுக்கு மாறியிருந்தார்; அங்கே தற்காலிக ஃபோல்டரில் இருக்கும் எதையும் ஓடவிட மாட்டேன் என்று கம்ப்யூட்டர் மறுத்தது. சரி என்று உபயோகிப்பவரின் சொந்த ஃபோல்டருக்கு மாற்றினாள். அப்புறம் ஒரு லேபில் ஒரே கம்ப்யூட்டரில் புரோகிராமை இரண்டு தடவை திறந்தார்கள். முதலாவது பிடித்து வைத்திருக்கும் ஃபைலின் மேலேயே இரண்டாவது எழுதப் பார்த்து முட்டிக்கொண்டது. ஃபைலின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்து, ஏற்கெனவே சரியானது இருந்தால் தொடாதே என்று எழுதினாள். எந்த முட்டலும் அவளைச் சோர்வடைய வைக்கவில்லை. மாறாக, இது சோதனையிலேயே தெரிந்ததே, எல்லா லேபுக்கும் போன பிறகு தெரியவில்லையே என்று உற்சாகம்தான் வந்தது.

ஒரு பழைய கம்ப்யூட்டரை அதற்கென்றே ஒதுக்கச் சொன்னாள். ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் அதை முழுக்க அழித்து, வெறும் விண்டோஸை மட்டும் போட்டு, சி.டி.யை விஜியின் கையில் கொடுப்பாள். விஜி பி.காம். படித்தவள், புரோகிராம் பற்றி ஒன்றும் தெரியாது.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயா போடு" என்பாள் நசீமா.

"தப்பாயிட்டா?"

"தப்பாயிட்டா அது என் தப்பு. ஒன் தப்பில்ல."

விஜி முதல் தடவை எட்டு இடத்தில் திணறினாள். ஐந்தாவது பதிப்பில் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பதிப்பைத்தான் நசீமா எல்லா லேபுக்கும் அனுப்பினாள்.

இன்னொன்றும் செய்தாள். என்ன காரணத்தாலோ சின்ன ஃபைல் ஏறவில்லையென்றால் திரை முழுக்கச் சிவப்பாகும். ரிப்போர்ட் வராது. எந்த ஃபைலை எங்கே எதிர்பார்த்தோம், ஏன் ஏறவில்லை என்பது நல்ல தமிழில் இரண்டு வரியில் இருக்கும், கீழே ஆபீஸ் போன் நம்பர்.

ஞானசிகாமணிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "செகப்பப் பாத்தா ஆளுக மெரண்டுருவாகம்மா. மஞ்சளாவது வைக்கக் கூடாதா?"

"மெரளட்டும் சார். மெரண்டாத்தேன் போன் பண்ணுவாக."

பண்ணினார்கள். முதல் வாரத்தில் நான்கு லேபில் சிவப்பு வந்தது. ஞானசிகாமணி ஒவ்வொரு போனுக்கும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஒரு லேபில் ஹார்ட் டிஸ்க் இடமே இல்லாமல் நிரம்பியிருந்தது, இன்னொன்றில் ஜாவா மிகப் பழையது. மற்ற இரண்டும் ஆன்டிவைரஸ். திரையில் இருந்த இரண்டு வரியை அவர்கள் போனில் வாசித்ததும் நசீமா இருந்த இடத்திலிருந்தே சரிசெய்தாள். பஸ் ஏறவில்லை. இரண்டாவது வாரம் ஒன்று. மூன்றாவது வாரம் போனே வரவில்லை என்று ஞானசிகாமணி போனை எடுத்து ஒலி வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார்.

அதன்பிறகு, அவர் ஒரு காரியம் செய்தார். இருபத்து மூன்று லேபுக்கும் கம்பெனித் தாளில் கடிதம் எழுதினார். ஆண்டிபட்டியில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்று மறைக்காமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு லேப் மட்டும் விலகியது. சண்முகத்தாய் விலகவில்லை. அவள் அந்தக் கடிதத்தைத் தன் சிநேகிதிகளான இரண்டு லேப்காரிகளுக்குக் காட்டினாள். "தப்பு வந்தா வீடு தேடிப் போறவ எழுதுன புரோகிராம்" என்று சொல்லி, அந்த இரண்டு பேரையும் வாங்கவைத்தாள்.

மூன்று வருடத்தில் லேப்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. மலைக்கு அந்தப் பக்கம் நெடுங்கண்டம், கட்டப்பனை வரைக்கும் பொட்டலம் தபாலில் போனது. நசீமா பஸ்ஸில் போய் ஃபைல் வைப்பது அடியோடு நின்றுபோனது. சிவப்புத் திரையில் மலையாளத்தையும் சேர்த்தாள். 2008-ல் பெயர்ப் பலகையைப் புதுப்பித்தபோது ஞானசிகாமணி தன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதச் சொன்னார். பெயிண்டர் 'நஸீமா' என்று எழுதிவிட்டார். அவள் ஏணியில் நின்றவரை இறங்கவிடாமல், எழுத்தைத் திருத்தவைத்த பிறகுதான் விட்டாள்.

2009 கார்த்திகையில் அவளுடைய தம்பி இத்ரீஸுக்குக் கம்பத்தில் நிக்காஹ். மண்டபத்தில் பிரியாணிப் பந்தி தொடங்கிய நேரத்தில் அவளுடைய செல்போன் அடித்தது. நெடுங்கண்டத்திலிருந்து ஒரு புது லேப்காரர். புதிய கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார், திரை முழுக்கச் சிவப்பு.

"சேச்சி, இது சுவப்பாயி நிக்குது. முன்னால பத்துப் பேரு உக்காந்திருக்காங்க" என்றார் அவர் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக.

"பயப்படாதீக. செகப்புக்குக் கீழ இருக்கத வாசிங்க."

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். ஜாவா அறுபத்து நாலு பிட், இதற்கு உரிய ஃபைல் இந்தப் பொட்டலத்தில் இல்லை என்றிருந்தது. நசீமாவுக்குச் சிரிப்பு வந்தது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அதற்கான சின்ன ஃபைல் எழுதியாகிவிட்டது. விஜி சோதித்துக்கொண்டிருந்தாள், அடுத்த பதிப்பில் வரவேண்டியது. இப்போதைக்கு வேறு வழியும் இருந்தது. கம்ப்யூட்டர் எத்தனை பிட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் ஓடும் ஜாவா முப்பத்திரண்டு பிட்டாக இருந்தால் பழைய ஃபைலே ஏறிக்கொள்ளும்.

"நம்ம சி.டி.யில ஜாவான்னு ஒரு ஃபோல்டர் இருக்கா? அதுக்குள்ள முப்பத்திரெண்டுன்னு இருக்கத அமுக்குங்க. முடிஞ்சதும் புரோகிராமத் திறங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மண்டப வாசலில், ஸ்பீக்கர் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து அவள் நின்றாள். அம்மா சுல்தான் பீவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி கலியாணத்துல கூடவா? பந்தியில எடம் போயிரும் வா" என்று அதட்டினாள். நசீமா ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். நாலைந்து நிமிஷத்தில் அந்தப் பக்கம் குரல் மாறியது.

"வந்நு சேச்சி! வெள்ளையாயி."

"மொத ஆளோட ரத்தத்த வையுங்க. மிஷின் திரையில என்ன நம்பர்?"

"பதிமூணு புள்ளி ரெண்டு."

"ரிப்போர்ட்ல?"

"அதே பதிமூணு புள்ளி ரெண்டு."

"செரி, அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்று போனை அணைத்தாள். பந்தியில் அம்மா தன் முந்தானையைப் போட்டு ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தாள். நசீமா கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்து, பரிமாற வந்தவரிடம் இலை நிறைய வாங்கிக்கொண்டாள்.